பயம் தெரியாத பிள்ளை

என் மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு யானை நின்றது.

மார்கழி மாதம், விடிந்தும் விடியாத நேரம். பாதி போட்ட கோலத்தின் பக்கத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் யானையின் கால் முட்டி வரைக்கும்தான் ஏறியது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் இருட்டும் மூச்சுச் சத்தமும்தான்.

என் கை முழுக்கச் சாணி. அந்தக் கையாலேயே வாயைப் பொத்தியிருந்தேன்.

கோதைக்கு அப்போது மூன்று வயது. தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கசக்கி முடித்து நிமிர்ந்தவள் யானையைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யானையைப் பார்த்து எந்தப் பிள்ளை சிரிக்கும், இந்த அம்மா கதை விடுகிறாள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அதனால் அவள் ஏன் சிரித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் தொட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன், போகட்டும்.

பல்லிக்கும் பயந்தவள்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல்லி கத்தினால் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். தேரோட்டத்தின்போது அதிர்வேட்டு போட்டால் யார் வீடு என்று பார்க்காமல் கிடைத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துகொள்வேன். கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது நான் துள்ளிய துள்ளலில் தாலி கை நழுவிவிட்டது என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். தாலியெல்லாம் நழுவவில்லை. துள்ளியது மட்டும் உண்மை.

சிரிக்கிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படியில்லை. பயம் எனக்கு அடிவயிற்றில் வரும். வந்தால் கை கால் ஓடாது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு வார்த்தை வெளியே வராது. அப்படி வாயடைத்து நின்று நான் இழந்த காரியங்கள் எத்தனையோ. அவற்றில் சிலவற்றை இந்தத் தொடரில் மில் குவார்ட்டர்ஸ் பற்றி எழுதிய வாரங்களில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

கோதை பிறந்தபோது எனக்கிருந்த ஒரே வேண்டுதல், இவள் என்னைப் போல ஆகிவிடக்கூடாது என்பதுதான். ஆனால் குழந்தை தூக்கத்தில் துள்ளித் துள்ளி விழித்து வீறிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்றார் டாக்டர். எனக்கு மனசு ஆறவில்லை. என் பயம்தான் பாலோடு சேர்ந்து அவளுக்குப் போய்விட்டது என்று நினைத்துத் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. பயந்த பிள்ளையை யானையின் வயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் வாங்கினால் பயம் தெளிந்துவிடும் என்பார்கள். டாக்டரைப் பார்த்த கையோடு கோயில் யானையிடம் போகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

யானைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் வீட்டுக்காரர். குழந்தையைப் பாகன் கையில் கொடுக்கும்போது என் பல் தந்தியடித்தது.

"குடுங்க தாயி. நீங்க நடுங்குறதப் பாத்தா உங்களத்தான் மொதல்ல நுழைச்சு எடுக்கணும் போலருக்கு" என்றார் பாகன்.

மூன்று தடவை அவளை அந்த நான்கு தூண்களுக்கு நடுவே கடத்தினோம். முதல் தடவை அலறினாள். இரண்டாம் தடவை விசும்பினாள். மூன்றாம் தடவை என் வீட்டுக்காரர் கையில் போய்ச் சேர்ந்தபோது பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொறவு பாருங்க, இவ எதுக்கும் பயப்பட மாட்டா" என்றார் பாகன்.

அன்றையிலிருந்து குழந்தை தூக்கத்தில் துள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். நடக்கத் தெரிந்ததும் அவளே இரண்டு கையிலும் வாழைப்பழத்தை ஏந்திக்கொண்டு போய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நிற்பாள். யானை தும்பிக்கையை அவள் உச்சியில் வைக்கும். நான் பத்தடி தள்ளி நின்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

மலைக்கு ஏறினோம்

ராஜபாளையத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லின் முதலாளிக்கு மலையில் காப்பியும் எலுமிச்சையும் போட்ட தோட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். ஏன் போனார் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு போய் இருக்கிறாயா என்று கேட்டார். என்னைக் கேட்காமலே இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். பஞ்சுத் தூசிக்கு நடுவில் பத்து வருஷம் இருந்தவர், செடிகொடி என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிறவர். வேறென்ன செய்வார்?

முதலாளியின் மனைவியிடம் விடைபெறப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "எந்துக்கம்மா அழுகை? நல்ல காத்து, நல்ல தண்ணி" என்று தெலுங்கு கலந்து தேற்றினார். அந்த அம்மாள் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடிவாரம் வரை ஜீப். அதற்கு மேல் நடைதான். கோதை அப்பா தோளில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். நான் ஒவ்வொரு புதரையும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கல் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை, முன்னால் நான்கு படி. அதுதான் வீடு. தகரத்தில் ஒரு காய் விழுந்தாலும் வெடி போட்ட மாதிரிக் கேட்கும். சற்றுத் தள்ளிக் குளியலறை, அதற்கு எதிரே சிமெண்டுத் தொட்டி. எங்களுக்குத் துணை என்று இருந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான். வத்திராயிருப்புக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை மிலிட்டரி அண்ணன் என்போம். காக்கிச் சட்டை, காதுவரை மீசை.

"பார்டர்ல எம்புட்டு குண்டு பாத்தவன் நான். ஒரு பய உள்ள வர முடியாது தங்கச்சி, நீ நிம்மதியா தூங்கு" என்று முதல் நாளே சொன்னார். அன்று மாலை காப்பி குடோனில் அவர் காலில் ஒரு தேரை ஏறியது. அவர் போட்ட சத்தத்தில் குடோன் மேலே இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. சரி, இவரும் நம்ம ஜாதிதான் என்று புரிந்துகொண்டேன்.

தோட்டத்தைப் பார்த்த இரண்டு பேர்

வீட்டைச் சுற்றிக் காடு அப்படியே இருந்தது. உண்ணிச்செடியை மட்டும் வெட்டிவிட்டு, மற்றதைத் தொடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சட்டம் போட்டுவிட்டார்.

காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தோட்டத்தில் நடத்திக் காட்டுவார். "இது வெட்சி, காட்டுல தானா வந்தது. இது நன்னாரி, வேர மோந்து பாரு. வேலியில ஏறிருக்கு பாரு, செங்காந்தள். என்ன நெறம்ட்டி!"

"வெசம்னு சொன்னாகளே?"

"கிழங்கு வெசம். பூவ பாக்குறதுக்கு என்ன?"

அவர் பூவைப் பார்த்தார், நான் கிழங்கைப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் இருந்த விதம் இதுதான்.

புளியமரத்தில் மலை அணில் கூடு கட்டியிருந்தது. பூனை அளவு, சாம்பல் நிறம், உடம்பைவிட நீளமான வால். கிளையில் வயிற்றைப் பரத்திக்கொண்டு புளியங்காயைக் கொறித்துத் தோலைத் தரையில் உதிர்க்கும். எவ்வளவு அழகு என்பார் இவர். அது திடீரென்று கடகடவென்று கத்தத் தொடங்கினால் கீழே ஏதோ நடமாடுகிறது என்று அர்த்தம் என்றும் அவர்தான் சொன்னார். அதற்குப் பிறகு அணிலின் அழகு எனக்கு எங்கே தெரிந்தது? எப்போது கத்துமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஓடைக்கரை மருதமரத்தில் கரடி நகம் கீறிய தடம் என் தலைக்கு மேலே இருந்தது. தேனுக்கு ஏறியிருக்கும் என்றார். மிளா மான் வந்து வெண்டைச் செடியைக் கடித்த இடத்தில் குளம்புத் தடம் இருந்தது. ஒருநாள் காலை தொட்டி ஓரத்துச் சேற்றில் பூனைக் கால் மாதிரி ஒரு தடம், ஆனால் என் உள்ளங்கை அகலம். அதை இவர் என்னிடம் காட்டவில்லை. நானே பார்த்தேன். அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

எனக்காக நான் பயந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்திருப்பேன். ஆனால் கோதை உள்ளே கிடக்கிற பிள்ளை இல்லையே.

நண்டு

ஒருநாள் மதியம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கோதை சிரட்டை ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நண்டு."

எட்டிப் பார்த்தேன். சிரட்டைக்குள் ஒரு கருந்தேள். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கீழே போடு என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. அவளாகவே சிரட்டையைத் தரையில் வைத்து, "நண்டு தூங்கப் போகுது" என்று சொல்லி அதன் முதுகைத் தடவ விரலை நீட்டினாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். தேள் சுவரோரமாக ஓடி மறைந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இன்னொரு நாள் வெட்சிச் செடியின் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். கிளையில் இலையோடு இலையாகப் பச்சைப் பாம்பு. அதற்குப் பேரும் வைத்திருந்தாள். செந்தட்டி இலையைத் தொட்டுக் கையெல்லாம் தடித்து ஒரு பொழுது முழுக்க அழுதாள். மறுநாள் அதே செடியிடம் போய், "நேத்து எதுக்குக் கடிச்ச?" என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் தொட்டாள். வலி அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் தெரியவில்லை.

பயமில்லாத பிள்ளை வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் நான்தான். கீழே ஊரில் அது வரமாக இருந்தது. இங்கே ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்றிடமாவது பயம் வராவிட்டால் இவளை நான் உயிரோடு கீழே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று தோன்றிவிட்டது.

ஆகவே பயமுறுத்தத் தொடங்கினேன். பூச்சாண்டி வருவான் என்றேன். "வரட்டும், சோறு குடுப்போம்" என்றாள். மிலிட்டரி அண்ணனைக் கெஞ்சிக் கேட்டுக் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறுமச் சொன்னேன். அவரும் பட்டாளத்து மிடுக்கோடு உறுமினார். இவள் போய்க் கம்பளியை விலக்கி மீசையைப் பிடித்துத் தொங்கினாள்.

"தங்கச்சி, இது புள்ளையில்ல, கவர்னர் பொண்டாட்டி. என்னால ஆகாது" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "கீழ போயிருவோம்ங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"ஏட்டி, பயமில்லாம வளரணும்னு யானைக்கடியில விட்டது யாரு? நீதான?"

"அப்ப சொன்னேன். இப்ப பயம் வேணும்ங்கேன்."

"அதுக்கு எந்த யானைக்கடியில விடணும்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசணிப்பூ

இவ்வளவு பயந்தவள் செய்த காரியத்தைப் பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு மார்கழி என்றால் சும்மா இல்லை. எங்கள் தெருவில் அந்த மாதம் முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைப்போம். பூ இல்லாத வாசலைப் பார்த்தால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்கள். மலையில் என் கோலத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆடி மாதமே எங்கள் ஊர்ச் சந்தையில் விதை வாங்கிக்கொண்டு வந்து குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றினேன்.

அந்த மண்ணில் கொடி பிசாசு மாதிரி ஓடியது. குளியலறைத் தட்டி மேலே ஏறி, வாசல் ஓரமாகப் படர்ந்து, சரிவில் இறங்கியது. மார்கழி பிறந்தபோது காலையில் எத்தனை பூ வேண்டுமானாலும் பறிக்கலாம். இலைக்கு அடியில் காயும் நிறைய.

"காய வச்சுக்கிட்டு இருக்காத. பிஞ்சுலயே பறிச்சுப் போடு. பன்னி வரும், ஆனையும் வரும்" என்றார் இவர்.

"பொங்கலுக்குப் பழுக்கட்டும். கூட்டு வைக்க வேணாமா?" என்றேன் நான்.

பல்லிக்குப் பயந்தவளுக்குப் பூசணிப்பழத்தைக் கண்டு பயப்படத் தோன்றவில்லை. காட்டிலிருந்து வருவதற்கெல்லாம் பயந்தேன். என் ஊரிலிருந்து நானே கொண்டுவந்து ஊன்றியது எனக்கு வீடு மாதிரி இருந்தது. அந்தக் கொடிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் அங்கே எனக்கு மனசு லேசாகும்.

யானை வந்ததற்கு முந்தின நாள் இவர் முதலாளியைப் பார்க்க ராஜபாளையம் இறங்கியிருந்தார். மறுநாள் மதியம் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். விடியலில் எழுந்தேன். கோதை போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கதவைச் சும்மா சாத்திவிட்டு விளக்கோடு வெளியே வந்தேன்.

வாசல் தெளித்து, புள்ளி வைத்து, பாதிக் கோலம் போட்டிருப்பேன். குளியலறைப் பக்கம் கொடி சலசலத்தது. எஸ்டேட் பசு ஒன்று உண்டு, அடிக்கடி கயிற்றை அறுத்துக்கொள்ளும். அதுதான் என்று நினைத்தேன்.

"சூ, ஹை, போ அங்கிட்டு" என்றேன், நிமிராமல்.

சலசலப்பு நின்றது. புளித்த வைக்கோலும் மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. எங்கேயோ மோந்த வாடை. எங்கே என்று யோசித்துக்கொண்டே சாணி உருண்டையில் பூவைச் செருகினேன். கோயில் என்று ஞாபகம் வந்தபோது விளக்கை உயர்த்திப் பார்த்தேன். குளியலறைத் தட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கால் இருந்தது.

விளக்கை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். முதுகில் தொட்டி தட்டுப்பட்டது. அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். யானை கோலத்தின் மேல் நடந்து வந்து படிக்கு முன்னால் நின்று, கொடியைச் சுருட்டி இழுத்தது. ஒரு பழத்தைக் காலால் மிதித்து உடைத்தது. அதன் வயிறு உறுமும் சத்தம் எனக்குக் கேட்டது.

தூங்கு, தாயி, தூங்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

தலையைக் குனிந்து நின்றாள்

"ஆன!" என்றாள் கோதை. "கோயில் ஆன வந்துருக்கு! அம்மா, நம்ம கோயில் ஆன!"

யானை மெல்லுவதை நிறுத்தியது.

நான் கூப்பிட்டால் அவள் என்னிடம் ஓடி வருவாள். வருகிற வழியில் அந்தக் கால்கள் இருக்கின்றன. கூப்பிடாவிட்டால் யானையிடம் போவாள். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன், மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் திரும்பி உள்ளே போனாள். என் தெய்வமே, போய்ப் படுத்துவிட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். இரண்டு கையிலும் வாழைப்பழம்.

முதல் படியில் உட்கார்ந்து இறங்கினாள். இரண்டாவது படியிலும் அப்படியே. யானையின் காது விரிந்தது. தும்பிக்கை அவள் பக்கமாக நீண்டு காற்றை மோந்தது. அவள் மூன்றாவது படியில் எழுந்து நின்று பழத்தை நீட்டினாள். நீட்டிய கையை மடக்காமல், வெள்ளிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுத்தபடி, ஆசீர்வாதத்துக்குத் தலையைக் குனிந்தாள்.

அவளுடைய உச்சி வகிடு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. முந்தின நாள் நான் எடுத்த வகிடு.

அப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை. என் உடம்பு செய்தது. தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். பித்தளை வாளியைத் தூக்கித் தொட்டிச் சுவரில் அடித்தேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை எதுவும் இல்லை. முப்பது வருஷமாகத் தொண்டையில் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது.

யானை திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. பிளிறிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. விளக்கு அதன் காலடியில் நசுங்கி அணைந்தது. நான் ஓடவில்லை. ஓடினால் அது மறுபடி அவள் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். அடித்துக்கொண்டே கத்தினேன். வாடை முகத்தில் அடித்தது. காற்று அடித்தது. கண்ணை மூடிக்கொண்டும் கத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது அது தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. இவரும் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தார், எதையும் நான் நம்பவில்லை. செத்த நேரம் நின்றது. பிறகு தலையை ஒரு உதறு உதறிவிட்டு, குளியலறைத் தட்டியை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. காப்பிச் செடிகள் முறியும் சத்தம் வெகுதூரம் வரை கேட்டது.

நான் கத்துவதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. கத்திக்கொண்டே பிள்ளையிடம் ஓடினேன்.

கோதை பழத்தைக் கீழே போட்டிருந்தாள். கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாயும் திறந்திருந்தது. யானை போன திசையை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். முடி அவிழ்ந்து, முகமெல்லாம் சாணியாக, ஊளையிட்டுக்கொண்டு இருட்டிலிருந்து ஓடி வருகிற என்னைப் பார்த்துத்தான் வீறிட்டாள். நான் தூக்கக் கையை நீட்டியதும் அவளுக்கு மூச்சடைத்துப் போய் உதடு நீலம் பாரித்தது.

அதற்குள் மிலிட்டரி அண்ணன் கம்பளியோடு ஓடி வந்துவிட்டார். அவள் என் கைக்கு அடியில் நுழைந்து ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஆன போயிருச்சு தாயி. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர் அவளைத் தூக்கித் தட்டிக்கொடுத்தார்.

கோதை அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என் பக்கம் விரலை நீட்டினாள். "அம்மா வேணாம்" என்றாள்.

கதவைச் சாத்தினேன்

மதியம் இவர் வந்தார். மிதிபட்ட கோலத்தையும் நொறுங்கிய தட்டியையும் பார்த்தார். அரிவாளை எடுத்துப் பூசணிக்கொடியை வேரோடு அறுத்துச் சரிவில் எறிந்தார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பல நாள் கோதை என்னிடம் வரவில்லை. சோற்றை அப்பா ஊட்ட வேண்டும், தலையை அப்பா வார வேண்டும். நான் இருக்கிற அறைக்குள் நுழைவதற்கு முன் எட்டிப் பார்ப்பாள். நான் சத்தமில்லாமல் சிரித்தால் கொஞ்ச நேரம் நிற்பாள். தட்டு கை நழுவினால் ஓடிவிடுவாள்.

"விட்டுப் பிடி. தன்னால வருவா" என்றார் இவர்.

பயம் வர வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன்! தேளிடம் வரவில்லை, பாம்பிடம் வரவில்லை, யானையிடம்கூட வரவில்லை. என்னிடம் வந்தது. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு முற்பகல். வெயில் நன்றாக ஏறியிருந்தது. இவர் காப்பிச் செடிகளுக்குள் எங்கோ நின்றார். கோதை கீழ்ப்படியில் உட்கார்ந்து கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குள் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் எழுந்து போய்விடுவாளோ என்று புடைக்காமல் சும்மா வைத்திருந்தேன்.

ஒரு பட்டாம்பூச்சி வந்தது. கறுப்பும் மஞ்சளுமாக, அவள் கை அகலம் இருக்கும். அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முழங்கையில் உட்கார்ந்தது.

அவள் அடுக்கிய கல் சரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அது மறுபடியும் அவளைச் சுற்றியது. "அப்பா" என்றாள். பதில் வரவில்லை. மிலிட்டரி அண்ணன் இருக்கும் குடோன் பக்கம் பார்த்தாள். அங்கேயும் யாருமில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் மூச்சுக்கூட விடவில்லை.

நான்கு படியையும் தவழ்ந்து ஏறி வந்து என் மடியில் விழுந்தாள். முறம் தள்ளிப் போனது. என் சேலைத் தலைப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள். உடம்பு முழுக்க நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமான நடுக்கம்.

"பயமா இருக்கும்மா" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான்.

வெளியே வெயிலில் அந்தப் பட்டாம்பூச்சி படிமேல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. பட்டாம்பூச்சிதானே, அது ஒன்றும் செய்யாது என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளை இறுக்கிக்கொண்டு எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.